கதவுக்காரிக்குக் கூந்தல் வேண்டாம்

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் உன் அப்பாவும் நலம். அங்கே நீ நலமா என்பதை ஊகித்து எழுதாமல் கேட்டே தொடங்குகிறேன், ஏனென்றால் மூன்று வாரமாகத் தொலைபேசியில் உன்னிடமிருந்து எனக்குக் கிடைப்பது "சரிம்மா, வெச்சிடறேன்" என்பது மட்டுமே, அதை வைத்துக்கொண்டு ஒருவருடைய உடல்நிலையையோ மனநிலையையோ மதிப்பிட எந்தப் புள்ளியியலாளராலும் முடியாது. உன் கோபம் நியாயமானது. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் நீ அதற்காகக் காத்துக்கொண்டு மற்றதை மேலோட்டமாகப் படிக்க மாட்டாய் என்பதால் சொல்கிறேன். நான் உனக்கு அனுப்பிய அட்டவணை தவறு. கூட்டல் தவறு அல்ல, கூட்டலில் நான் தவறியதில்லை, அடிப்படையே தவறு. உன் கதவுக்காரி தோற்கவில்லை, வென்றிருக்கிறாள், அதுவும் எதிரியின் கோட்டைக்குள்ளேயே புகுந்து வென்றிருக்கிறாள், அந்த வெற்றியை வரிசையாக எழுதத்தான் இன்று காலை உன் அப்பாவை நடைப்பயிற்சிக்குத் துரத்திவிட்டு மேசையின் முன் உட்கார்ந்திருக்கிறேன்.

வீட்டுச் செய்திகளை முதலில் முடித்துவிடுகிறேன். உன் அப்பாவுக்குக் கண்புரை எடுத்தது நன்றாக ஆறிவிட்டது, இப்போது பத்து ஆண்டுகளாகத் தெரியாத தூசியெல்லாம் அவருக்குத் தெரிகிறது, ஒவ்வொன்றையும் என்னைக் கூப்பிட்டுக் காட்டுகிறார், நேற்று என் முகத்தைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு "நீ எப்ப இவ்ளோ நரைச்சே?" என்று கேட்டார், அறுவை மருத்துவரிடம் பழைய கண்ணைத் திருப்பித் தரச் சொல்லலாமா என்று யோசிக்கிறேன். உன் அண்ணி மருத்துவமனையில் தலைமைச் செவிலியாகிவிட்டாள், அதனால் உன் அண்ணன் சமைக்கிறான், அதனால் அந்த வீட்டில் எல்லோரும் இளைத்திருக்கிறார்கள். சித்தியின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, அதைப் பற்றி அவள் பேசும் நேரம்தான் கூடியிருக்கிறது. இவ்வளவுதான். இனி விஷயத்துக்கு வருகிறேன், உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கடிதத்தை நீ உன் தயாரிப்பாளரோடு நடக்கவிருக்கும் பதினெட்டாம் தேதிக் கூட்டத்தில் எடுத்து வைக்க நேரலாம், அங்கே இருப்பவர்களுக்கு முன்கதை தெரியாது.

நான்கு ஆண்டுகளாக நீ வரைந்துகொண்டிருக்கும் படத்தின் நாற்பது நிமிடத்தைப் பென்சில் கோடுகளாகவே, எல்லாப் பாத்திரங்களுக்கும் நீயே குரல் கொடுத்து, எனக்கு அனுப்பியிருந்தாய். அதில் இரண்டு பெண்கள். ஒருத்தி விண்மீன் இளவரசி, கணுக்கால்வரை கூந்தல், கூந்தல் முழுக்க வெளிச்சம், பாடினால் புயல் நிற்கும், யார் என்ன செய்தாலும் மன்னிப்பாள். இன்னொருத்தி கோட்டை வாயிலைக் காக்கிற ஒன்பது வயதுப் பெண், காதளவு வெட்டிய முடி, ஒழுகும் மூக்கு, கையில் தன்னைவிட நீளமான தாழ்ப்பாள். வணிகன் வந்தாலும் படைத்தலைவன் வந்தாலும் அரசனே வந்தாலும் இரண்டு கையையும் விரித்து நின்று, வலது காலால் தரையை ஒரு மிதி மிதித்து, "என்னைக் கேட்டியா?" என்பாள். நடுவில் ஒரு நாள் கோபத்தில், தன் ஒரே தோழியான விளக்கேற்றுபவரின் மகளுக்கே கதவைத் திறக்காமல் அவளை மழையில் நிறுத்திக் காய்ச்சல் வரவைத்துவிடுவாள், பிறகு வெட்கத்தில் மாடிப்படிக்கு அடியில் போய்ச் சுருண்டுகொள்வாள், பாதங்கள் மட்டும் வெளியே தெரியும். தோழி வந்து ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து தன் பாதங்களையும் அந்தப் பாதங்களுக்கு அருகே நீட்டி வைப்பாள். உன் தயாரிப்பாளருக்கு இளவரசியைப் பற்றி ஒரு குறையும் இல்லை. கதவுக்காரிக்குத்தான் இடுப்புவரை கூந்தல் வேண்டும், குரல் தணிய வேண்டும், காலை மிதிக்கக் கூடாது, தோழியை மழையில் விடக் கூடாது, படிக்கட்டுக் காட்சியே வேண்டாம், பிள்ளைகளுக்குத் தவறான முன்மாதிரி. நீ தயங்கிக்கொண்டு நின்றாய். அப்போதுதான் நான் உதவி செய்தேன்.

நான் செய்த உதவியைச் சொல்கிறேன். நம் கட்டடத்தின் தரைத்தளத்தில் மழலையர் காப்பகம் இருப்பது உனக்குத் தெரியும், அதை நடத்தும் அம்மையாருக்கும் எனக்கும் ஆறு ஆண்டுகளாகச் சத்தத்தைக் குறித்துப் போர் நடப்பதும் தெரியும், கழுத்தில் எந்நேரமும் விசில் தொங்குவதால் நான் அவருக்குத் தளபதி என்று பெயர் வைத்திருப்பதும் தெரியும். அவரிடம் ஒரு நாள் போர்நிறுத்தம் கேட்டு, உன் படத்தை அங்கே கூடத்துத் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டினேன். நான்கிலிருந்து ஆறு வயதுவரை இருபத்து மூன்று பிள்ளைகள். படம் முடிந்ததும் ஒவ்வொருவராக அலுவலக அறைக்குக் கூப்பிட்டு, நாற்காலியில் உட்கார வைத்து, பதிவேட்டைத் திறந்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "ரெண்டு பேர்ல உனக்கு யாரைப் பிடிச்சுது?" என்று கேட்டுப் பதிலைக் குறித்தேன். தளபதி என் பின்னால் நின்றார். விண்மீன் இளவரசி பதினேழு, கதவுக்காரி நான்கு, இரண்டு பேர் குதிரை என்றார்கள். உண்மை என்றால் இரு தரப்புக்கும் ஒரே நேரத்தில் போக வேண்டும் என்ற பழைய ஒழுக்கத்தில் அட்டவணையை உனக்கு ஒன்று, உன் கடிதத்தாளில் அச்சிட்டிருந்த முகவரிக்கு உன் தயாரிப்பாளருக்கு ஒன்று என அன்றே அனுப்பினேன். உன்னிடம் ஒரு சொல் சொல்லாமல் அனுப்பினேன். அவர் அதை உங்கள் அறைச் சுவரில் ஒட்டிவைத்து, "உன் அம்மாவே சொல்லிட்டாங்களே" என்று சொன்னதாக உன் அண்ணன் வழியாகத்தான் கேள்விப்பட்டேன். நீ கூந்தலை வரையத் தொடங்கிவிட்டாய் என்பதையும் அவன்தான் சொன்னான்.

அனுப்பிய மூன்றாம் நாள் கீழேயிருந்து ஒரு புதுச் சத்தம். வழக்கமான கூச்சல் அல்ல, தொப், தொப் என்று விட்டு விட்டு வந்தது. எண்ணிப் பார்த்தேன், பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் முப்பத்தொரு முறை. உன் அப்பாவிடம் அதைச் சொன்னேன், "போய்ச் சண்டை போட்டுட்டு வா, உனக்கும் ரத்த ஓட்டம் நல்லா இருக்கும்" என்றார். இறங்கிப் போனேன். கூடத்து வாசலை அடைத்துக்கொண்டு ஒரு சிறுமி நின்றிருந்தாள், எந்நாளும் சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளியே போட்டிருப்பதால் நான் பொத்தான் என்று அழைப்பவள், ஐந்து வயது, கைகள் இரண்டும் விரிந்திருந்தன. என்னைக் கண்டதும் வலது காலால் ஓங்கி ஒரு மிதி. "என்னைக் கேட்டியா?" என்றாள். என் மாமியார் போன பிறகு என்னை ஒருமையில் அதட்டியவர் யாரும் இல்லை. திகைப்பில் உண்மையைச் சொல்லிவிட்டேன், இல்லை என்றேன். "அப்ப கேளு." உள்ளே வரலாமா என்று கேட்டேன். நெடுநேரம் யோசித்தாள், மேலும் கீழும் பார்த்தாள், பிறகு "முடியாது, அப்புறம் வா" என்றாள். அவளுக்குப் பின்னால் கழிப்பறை வாசலில் ஒருவன், பொம்மை அலமாரி முன்னால் ஒருத்தி, தளபதியின் அலுவலக வாசலிலேயே இரண்டு பேர், எல்லோரும் கைவிரித்து நின்று மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

என் பதிவேட்டின்படி பொத்தான் இளவரசிக் கட்சி. ஆகவே கதவுக்கு வெளியிலேயே நின்று, அன்று ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "அவங்கதான் அழகா இருக்காங்க, நல்லவங்க. நீங்க வேற எழுதிட்டு இருந்தீங்க" என்றாள். அப்படியானால் கதவுக்காரியைப் பிடிக்கவில்லையா என்றதற்கு, அவளுடைய முழங்காலை அவளுக்குப் பிடிக்குமா என்று கேட்டுவிட்டதைப்போல என்னைப் பார்த்தாள். "அது நான்தானே" என்றாள். மகளே, முப்பத்து நான்கு ஆண்டுகள் கல்லூரியில் நின்று, கேட்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் பதில் வரும், ஆகவே முகத்தை மறைத்துக்கொண்டு கேளுங்கள் என்று பாடம் நடத்தியவள் நான். அந்த நான் கண்ணாடியும் பதிவேடும் பின்னால் ஒரு விசிலுமாக உட்கார்ந்து, நான்கு வயதுப் பிள்ளைகளிடம் பரீட்சை நடத்தி, சரியான விடை எது என்று அவர்கள் ஊகித்ததை எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். என் மாணவர் ஒருவர் இப்படி ஓர் ஆய்வைக் கொண்டு வந்திருந்தால் அந்தத் தாளாலேயே விசிறிக்கொண்டு, திரும்பச் செய்து வா என்றிருப்பேன். கேள்வியும் தவறு. பிடிக்கிறது என்பது ஒன்று, அதுவாகவே ஆகிவிடுவது இன்னொன்று. இளவரசியை அவர்களுக்குப் பிடித்திருக்கிறது, கண்காட்சியில் வைத்த கேக்கைப் பிடிப்பதைப்போல. கதவுக்காரியை அவர்கள் பிடிக்கிறது என்று சொல்லவில்லை, அவளாகவே திரிந்துகொண்டிருந்தார்கள்.

உடனே உனக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஒரு நாள் கண்ட கூத்தை வைத்து முடிவு சொல்லும் தவறை இரண்டாம் முறை செய்ய நான் விரும்பவில்லை. மறுநாளிலிருந்து ஒன்பது வேலைநாட்கள், பத்து மணி முதல் பன்னிரண்டு மணிவரை, நடைபாதை பெஞ்சில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. செய்தித்தாளின் ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டு வந்தேன், என்ன விளையாட்டு, யார் யாராக, எவ்வளவு நேரம் என்று. மூன்றாம் நாளே பிள்ளைகள் என்னை நாற்காலியின் வகையில் சேர்த்துவிட்டார்கள், ஒருத்தி தன் ஈரத் துண்டை என் தோளில் காயப்போட்டுவிட்டுப் போனாள். உன் படத்தை ஒட்டிய விளையாட்டுகள் மொத்தம் இருநூற்று அறுபத்தொன்று. அவற்றில் கதவுக்காரி விளையாட்டு இருநூற்றுப் பன்னிரண்டு. குதிரை நாற்பது, குதிரைக்கு எந்தக் காலத்திலும் ஆதரவு உண்டு. விண்மீன் இளவரசி ஒன்பது. அந்த ஒன்பதிலும் ஆறு முறை அவள் வந்தது கதவுக்காரியால் தடுக்கப்படுவதற்காக மட்டுமே. மீதி மூன்று முறையும் என்ன நடந்தது என்பதை நான் கண்ணால் கண்டேன், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கூந்தல் என்று வைத்துக்கொண்டார்கள், நின்றார்கள், சற்று நேரம் நின்றார்கள், துண்டு விழுந்தது, எடுத்துக் கட்டிக்கொண்டு மறுபடி நின்றார்கள், அழகாக இருந்தாகிவிட்டது, அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை, அலுத்துப் போய்க் கதவுப் பக்கம் வந்துவிட்டார்கள். உன் தயாரிப்பாளரிடம் இதை அப்படியே சொல். கதவுக்காரியாக வேண்டுமென்றால் ஒரு பிள்ளைக்கு இரண்டு கை, ஒரு கால், ஒரு வாசல் போதும், இவை எல்லாப் பிள்ளையிடமும் இருக்கின்றன. ஆண் பிள்ளைகள் ஒரு பெண்ணாக விளையாட மாட்டார்கள் என்று அவர் சொன்னாராம், இருநூற்றுப் பன்னிரண்டில் தொண்ணூற்றேழு முறை வாசலில் நின்றவன் ஆண் பிள்ளை, அவர்களில் ஒருவனும் அதை ஒரு செய்தியாகவே கருதவில்லை.

ஏன் இவள், ஏன் அவளில்லை என்று அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து யோசிக்க நிறைய நேரம் இருந்தது. காலையில் அந்தப் பிள்ளைகள் வந்து இறங்குவதைப் பார்த்திருக்கிறாயா? ஒருத்தியை அவளுடைய அப்பா, பல் மருத்துவர், இடுக்கிய கைப்பையைப்போல அக்குளில் இடுக்கிக்கொண்டு வருவார். எழுப்புவதும், கழுவுவதும், தலையை ஆடைக்குள் திணிப்பதும், வாயைத் துடைப்பதும், வண்டியில் ஏற்றுவதும், மாமாவுக்கு முத்தம் கொடு என்று தள்ளுவதும், எல்லாம் அவர்களுக்கு நடக்கிறது, அவர்கள் எதையும் நடத்துவதில்லை. அப்படிப்பட்ட ஓர் உயிரின் முன்னால், தன் உயரமே உள்ள ஒருத்தி ஓர் அரசனை நிறுத்திக் கேட்கிறாள். இதைவிடப் பெரிய மந்திரசக்தியை எந்த இளவரசிக்கு நீ கொடுத்துவிட முடியும்? ஆனால் நான் எதிர்பாராத எண் ஒன்று இருக்கிறது, அதை அட்டவணையில் சிவப்பில் கோடிட்டிருக்கிறேன். அந்த இருநூற்றுப் பன்னிரண்டில் எண்பத்தெட்டு, வாசலில் முடியவில்லை, மேசைக்கு அடியில் முடிந்தன. யாரையோ உள்ளே விடாமல் அழவிட்டு, பிறகு தானே போய் மேசைக்கு அடியில் சுருண்டு, பாதங்களை மட்டும் கவனமாக வெளியே நீட்டி வைத்துக்கொள்வார்கள். பக்கத்தில் போய் உட்காரும் தோழியாக இருப்பதற்கு வரிசை நின்றது. அந்த வரிசையில் சண்டைகூட வந்தது, உட்கார்ந்த பிறகு மட்டும் ஒருவரும் பேசவில்லை. தவறே செய்யாத இளவரசியிடம், பாலைக் கொட்டிவிட்டு வந்த பிள்ளைக்கு என்ன வேலை? உன் தயாரிப்பாளர் வெட்டச் சொன்னாரே, அந்த இடத்தில்தான் பிள்ளைகள் குடியேறியிருக்கிறார்கள்.

அந்தக் காட்சியை எங்கிருந்து எடுத்தாய் என்று நான் கேட்கப்போவதில்லை. பழைய வீட்டுத் தையல் மேசை எனக்கும் நினைவிருக்கிறது. என் விடைத்தாள் கட்டின்மேல் மையைக் கொட்டிவிட்டு அதற்கடியில் போய் இருந்தாய், வெளியே வா என்று நான் நின்றுகொண்டே உத்தரவு போட்டேன், பக்கத்தில் போய் உட்கார்ந்தவர் உன் அப்பா. அவருடைய இரண்டு பெரிய பாதங்களும் நன்றாக நினைவிருக்கின்றன. படத்தைப் பார்த்துவிட்டு அவர் கண்ணுக்கு மருந்து விட வேண்டும் என்று எழுந்து போனார், மருந்து விடும் நேரம் அதுவல்ல.

இனிமேல்தான் வெற்றியே. ஐந்தாம் நாள் தளபதி தடை உத்தரவு போட்டார். வாசலில் கைவிரித்து நிற்பதும், தரையைக் காலால் மிதிப்பதும், மேசைக்கு அடியில் ஒளிவதும் கூடாது என்று சுவரில் பெரிதாக எழுதி ஒட்டினார். அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் படிக்கத் தெரியாது என்பது பிறகுதான் அவருக்கு உறைத்தது போலும், மறுநாள் அதை எடுத்துவிட்டு, கைவிரித்து நிற்கும் ஓர் உருவத்தை வரைந்து, குறுக்கே சிவப்பில் பெருக்கல் குறி போட்டு ஒட்டினார். பிள்ளைகள் ஓடிவந்து பார்த்தார்கள். கதவுக்காரியின் படம் என்று புரிந்துகொண்டார்கள். சிவப்புக் குறியை அவளுடைய தாழ்ப்பாள் என்று எடுத்துக்கொண்டார்கள். "மிஸ், எனக்கும் ஒண்ணு வரைஞ்சு குடுங்க" என்று பொத்தான் கேட்க, அவளுக்குப் பின்னால் இருபது பேர் தாளோடு வரிசையில் நிற்க, தளபதி விசிலை வாயில் வைத்தவர் ஊதாமல் எடுத்துவிட்டார். தடைக்குப் பிறகு விளையாட்டின் எண்ணிக்கை கூடிவிட்டது, நேர்மைக்காக அந்த நாட்களைத் தனியாகக் குறித்திருக்கிறேன், அவற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் முடிவு மாறவில்லை.

அதன்பின் பெற்றோர் கூட்டம். போன சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, கூடத்தில், பிள்ளைகளின் அந்தக் குட்டி நாற்காலிகளில், முழங்கால் காதைத் தொட எல்லோரும் உட்கார்ந்திருக்க, குற்றவாளியாக நான் ஓரத்தில். ஒழுக்கம் கெடுகிறது, மேல்மாடி அம்மா ஏதோ படம் காட்டியதிலிருந்துதான் இது என்று தளபதி குற்றப்பத்திரிகை வாசித்தார். முதலில் எழுந்தவர் பல் மருத்துவர். போன வாரம் வழக்கம்போல மகளைத் தூக்க வந்தபோது அவள் கைவிரித்து நின்று மிதித்தாளாம், நோயாளி காத்திருக்கிறார், நேரமில்லை என்றாராம், அவள் அசையவில்லையாம். "வேற வழி இல்லாம கேட்டேங்க, தூக்கட்டுமான்னு. யோசிச்சிட்டு, வேணாம்பா நான் நடந்தே வரேன்னுட்டா. நடந்தே வந்துட்டா. இத்தனை நாளா நான் எதுக்குத் தூக்கிட்டு அலைஞ்சேன்னு தெரியல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார், புகார் சொல்ல எழுந்தவர் அதை எங்கேயோ தொலைத்துவிட்டார். அடுத்து ஒரு பேருந்து ஓட்டுநர், பொத்தானின் அம்மா, சீருடையோடு வந்திருந்தவள். "என் வண்டில ஒரு நாளைக்கு நானூறு பேர் ஏறி இறங்கறாங்க, ஒருத்தர் என்னை ஒரு வார்த்தை கேக்கறதில்ல, நிறுத்துன்னா நிறுத்தணும். இந்தப் படம் எப்பம்மா வருது? எனக்கு ஒரு டிக்கெட் வேணும், பிள்ளைக்கு இல்ல, எனக்கு" என்றாள். ஒரே சிரிப்பு. தளபதி சிரிக்கவில்லை.

பிறகு பேச்சு எங்கெங்கோ போய், மாலையில் காப்பகத்தை அரைமணி நேரம் தள்ளி மூடினால் எல்லோருக்கும் வசதியாக இருக்கும் என்று ஒருவர் தொடங்கினார், ஆமாம் என்றார் இன்னொருவர், ஆறரை என்று வைத்துக்கொள்ளலாம் என்றார் மூன்றாமவர், கைதூக்கிக் கூடப் பார்த்துவிட்டார்கள், அடுத்த வாரத்திலிருந்து என்று முடிவும் ஆகிவிட்டது, இவ்வளவும் அந்த அம்மையாரின் தலைக்கு மேலாகவே. அவர் காலை ஏழு மணிக்கு வந்து கதவைத் திறப்பவர். நான் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குட்டி நாற்காலியிலிருந்து எழுவது எளிதல்ல, அவர் எழுந்தார். விசிலைத் தொடவில்லை. வலது காலைத் தூக்கித் தரையில் வைத்தார் பார், மேலே நம் வீட்டில் உன் அப்பாவின் தேநீர்க் கோப்பை ஆடியதாம். "என்னைக் கேட்டீங்களா?" என்றார். பக்கத்து அறையில் அடைத்து வைத்திருந்த பிள்ளைகள் கதவு இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது, அடுத்த நொடி அந்த அறை முழுவதும் ஒன்றாக மிதித்தது. பல் மருத்துவர்தான் முதலில் எழுந்து, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் அம்மா என்று முறையாகக் கேட்டார். தளபதி நெடுநேரம் யோசித்தார். "சொல்றேன். திங்கக்கிழமை சொல்றேன்" என்றார். ஆறு ஆண்டில் முதன்முறையாக நான் அந்த அம்மையாருக்காகக் கைதட்டினேன், என் கைகள் சிவக்கும்வரை தட்டினேன். கூட்டம் கலைந்த பிறகு அந்தத் தடைப் படத்தைச் சுவரிலிருந்து தானே பிரித்து, ஓரம் கிழியாமல் மடித்து என் கையில் கொடுத்து, "உங்க பொண்ணுக்கு அனுப்பிவைங்க. நான் வரைஞ்சது அவ்வளவு நல்லா இல்ல, அவங்க சரி பண்ணிக்குவாங்க" என்றார்.

சரி பண்ணாதே. கூந்தலும் வரையாதே, வரைந்திருந்தால் அழி. பதினெட்டாம் தேதி கூட்டத்துக்குப் போகும்போது இவற்றை மனதில் வை. அழாதே, என் மனசுக்குப் படுகிறது என்று எந்த வாக்கியத்தையும் தொடங்காதே, நான்கு வருட உழைப்பு என்று சொல்லாதே, உழைப்பைப் பார்த்து யாரும் இரங்குவதில்லை. முதலில் தளபதியின் சித்திரத்தை மேசைமேல் விரி, பிறகு அட்டவணையைக் கொடு. அதற்கும் மசியவில்லை என்றால், அங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்களில் யாராவது ஒருவர் எழுந்து விண்மீன் இளவரசியாக மூன்று நிமிடம் விளையாடிக் காட்டட்டும் என்று சொல், சிரிக்காமல் சொல், கையில் கடிகாரத்தை வைத்துக்கொள். ஒரு நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டார்கள் என்பதற்கு நான் உத்தரவாதம், மூன்று பிள்ளைகள் முயன்று தோற்றதைப் பார்த்தவள் நான்.

இந்த உறைக்குள் ஐந்து தாள்கள் இருக்கின்றன. புது அட்டவணை இரண்டு பிரதி, தளபதியின் சித்திரம், பேருந்து ஓட்டுநர் தன் கையெழுத்தில் டிக்கெட்டுக்கு எழுதிக் கொடுத்த முன்பதிவு, ஐந்தாவது நான் உன் தயாரிப்பாளருக்கு எழுதியிருக்கும் மறுப்புக் கடிதம். பழைய முடிவு செல்லாது, பிழை முழுவதும் ஆய்வாளருடையது, வரைந்தவருடையது அல்ல என்று என் பட்டங்களையெல்லாம் கீழே போட்டு எழுதியிருக்கிறேன், நன்றாக வந்திருக்கிறது. நேராக அவருக்கே அனுப்பியிருப்பேன், முகவரி என்னிடம் இருக்கிறது, கை துறுதுறுத்தது. அனுப்பவில்லை. அந்தக் கடிதத்தின் உறையை ஒட்டாமல் உனக்கு அனுப்புகிறேன். படி, கொடுக்கலாம் என்று தோன்றினால் கொடு, உன் சண்டையை நீயே போட்டுக்கொள்வாய் என்று தோன்றினால் கிழித்துப் போடு. என் வாழ்நாளில் எழுதிய எல்லாவற்றுக்கும் நகல் வைத்திருக்கிறேன், இதற்கு வைக்கவில்லை.

நீண்ட ஆயுளும் நேரான முதுகும் பெற்று வாழ்க. எடுத்த காரியம் உன் விருப்பப்படியே முடியட்டும், அப்பாவின் ஆசியும் இதில் அடக்கம், அவர் வந்தால் தனியாக எழுத இடம் கேட்பார், இடம் இல்லை. வலது தோள்பட்டை வலிக்கிறது என்று அண்ணியிடம் சொன்னாயாமே, எனக்குச் சொல்லவில்லை, போகட்டும், மருத்துவரைப் பார், வரையும் மேசையைக் கொஞ்சம் உயர்த்திக்கொள். கூட்டம் முடிந்ததும் எந்த நேரமானாலும் கூப்பிடு, இந்த முறை நான் குறுக்கே பேச மாட்டேன், நீ பேசி முடிக்கும்வரை.

இப்படிக்கு,
தன் பிழையைத் தானே கண்டுபிடித்த மகிழ்ச்சியில்,
உன் அம்மா